விட்ட அடி

சீட்டு முந்நூற்று ஐம்பது.
'பள்ளத்தாக்கு நடை, பழங்குடி உணவு, நடனம்' என்று அச்சடித்து
ஓரத்தில் யாரோ வரைந்த மயில்.
ஏற்காட்டில் அன்று மயிலைக் காணோம்.
மழைக்கோட்டு விற்பவர்கள்தான் வழியெங்கும்.

ஒன்பது பேர் போயிருந்தோம்,
செவ்வாப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்கள்.
தீபாவளி முடிந்து உலைகள் ஓய்ந்த கார்த்திகை.

வழிகாட்டியின் பேர் தீர்த்தகிரி.
வனத்துறை கொடுத்த பச்சைச் சட்டை,
இரண்டு அளவு பெரிது.
"மலையாளின்னா, கேரளாவா?" என்றார் குழந்தைவேலு.
"மலையை ஆள்றவங்கன்னு ஒரு அர்த்தம் சொல்வாங்க சார்.
நான் சீட்டுக் கிழிக்கிறேன்."

இறங்குமுன் என் காலைப் பார்த்தார்.
கழற்றிடுங்க அக்கா, உள்ளே வேண்டாம்.
விளம்பரம் போலத்தான் போட்டுப் போயிருந்தேன்:
நூற்றிருபது கிராம், நெளிக்கண்ணி,
ஒவ்வொரு பற்றும் என் ஊதுகுழலில் வைத்தது.
குளிக்கும்போதுகூடக் கழற்றாததைக்
கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன்.
கால் யாருடையதோ ஆனது.

காப்பித் தோட்டத்துக் கம்பிவேலி முடிந்ததும்
பகல் ஒரு படி இறங்கியது.
ஆளுயரப் பெரணி. அதற்கும் மேலே
பேர் தெரியாத மரம் ஒன்று
குறடு மூசையைப் பிடிப்பதுபோல்
வேரால் பாறையைப் பிடித்திருந்தது.
பச்சை என்று ஒரு நிறம் இல்லை அங்கே,
எழுபது இருக்கும், எல்லாம் நனைந்தவை.

என் சத்தம் இல்லாததால்
மற்றது கேட்டது:
இலை மாறி இலை மாறி இறங்கும் ஒரே சொட்டு,
குழந்தைவேலுவின் மூட்டு,
உச்சியில் மலையணில் எதையோ உடைப்பது,
முன்னே போன தீர்த்தகிரி
ஈரப்பாறை ஒன்றில் உள்ளங்கை வைத்து
ஒரு பேர் சொன்னது.

கூப்பிட்டது போலில்லை.
கதவருகே நின்று "நாந்தான்" என்போமே,
அப்படி.

கீழே அருவி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
எல்லோருடைய போனிலும் இருக்கிறது.

பாக்குமட்டைத் தட்டில் சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு.
ஊறுகாய்ப் பொட்டலம் மட்டும் சேலத்தில் கட்டியது.
பிறகு மழை விட்ட களத்தில்
ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு மேளம்.
"ஆதிகாலத்து ஓசை" என்றார் ஒலிபெருக்கியில் அலுவலர்.

எனக்கு அந்த ஓசையைத் தெரியும்.
எங்கள் சந்தில் அர்த்தநாரி
சதங்கைக் குண்டுக்குள் மணிக்குப் பதில்
இரும்புச் சில்லுப் போடுவார்.
அந்தக் கரகரப்பு வேறெங்கும் வராது.

தீர்த்தகிரியிடம் சொன்னேன். சிரித்தார்.
"நான்தானே வந்து வாங்கினேன்,
பைசா குறைக்கலையே உங்க ஆளு."
கொஞ்சம் கழித்து, மேளத்துக்கு அடியில், மெதுவாக:
"இது சீட்டு ஆட்டம் அக்கா.
வைகாசியில சாமிக்கு ஆடறப்ப இன்னொரு அடி இருக்கு.
இங்க அதை விட்ருவோம்."

எந்த இடத்தில்?

"சொல்லிட்டா அப்புறம் விட்டதா?"

இரண்டாம் சுற்று முழுக்கக் கால்களையே பார்த்தேன்.
வலது, வலது, இடது, சுழற்சி.
சுழலுமுன் ஒருமுறை எட்டுக் குதிகால்களும்
தரையை நினைத்து
வேண்டாமென்று விட்டதுபோல் இருந்தது.
அதுவாக இருக்கலாம்.
சேற்றில் வழுக்கியதாகவும் இருக்கலாம்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர
ஏழாவதில்தான் கவனித்தேன்:
கொலுசு கிடந்த தடத்தில் அட்டை கடித்து
ஒரு சிவப்பு முத்து.
துடைக்கத் துடைக்க இன்னொன்று கோத்தது.
வண்டியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.
அடிவாரத்து வெப்பம் சன்னலில் வந்து ஒட்டியது.

இதை எழுதும்போது பாறையருகே
ஓர் அடி குறைகிறது.
அந்தப் பேர் எனக்கு நன்றாகவே கேட்டது.

கொலுசை மறுநாள் மதியம்தான் எடுத்தேன்.
கொக்கிப் பக்கம் ஒரு பற்று விட்டிருந்தது.